வால் விசிறி இல்லாத ஹெலிகாப்டர் நல்லதென்றால், எல்லாரும் ஏன் அதற்கு மாறவில்லை?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தேர்தல் பிரசாரத்துக்கு ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வந்து கல்லூரி மைதானத்தில் இறங்கினாராம். மகனைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். வால் பக்கமாக நகர்ந்த கூட்டத்தை ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டி விரட்டி, "அந்தச் சின்ன விசிறிதான்யா ஆளைக் காவு வாங்கும்" என்றாராம். பதினொன்றாவது படிக்கும் மகன் வீட்டுக்கு வந்ததும், வால் விசிறியே இல்லாத ஹெலிகாப்டர்கள் இருப்பதாக எங்கோ படித்துக் காட்டியிருக்கிறான். அதில் நல்லது என்ன, கெட்டது என்ன, நல்லதென்றால் நம் நாட்டில் ஏன் இல்லை என்பது கேள்வி.

கேள்விக்கு அடியில் இருக்கும் சந்தேகம் நியாயமானது. ஆபத்தான ஒரு பாகத்தைக் கழற்றிப் போட வழி இருக்கும்போது, உலகம் ஏன் எண்பது வருடத்துக்கு மேலாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறது? பதிலுக்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கடற்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் பதினைந்து வருடம் இருந்தேன். முதலில் வால் விசிறி உள்ள சேத்தக், அப்புறம் அது இல்லாத காமோவ். இப்போது திருமங்கலத்தில் சின்னதாக ஒரு மோட்டார் பட்டறை. நான் ஓட்டியவன் இல்லை, ஸ்பேனர் பிடித்தவன். பெடலை மிதித்தால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் விமானிகள் சொல்லிக் கேட்டதுதான். கீழே வரப்போகும் நோட்டார் வகையில் நான் கை வைத்ததில்லை. அதன் தத்துவம் தெரியும், அதன் கிரீஸ் என் விரலில் பட்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வால் விசிறி எதற்கு என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கான்கிரீட் சுவரில் டிரில்லிங் மெஷின் போட்டவர்களுக்குத் தெரியும்: பிட் கம்பியில் மாட்டிக்கொண்டால் பிட் நின்றுவிடும், மெஷின் திரும்பும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ஹெலிகாப்டரும் ஆகாயத்தில் தொங்கும் டிரில்லிங் மெஷின்தான். மேலே இருக்கும் பெரிய விசிறியை, அதாவது ரோட்டாரை, ஒரு பக்கம் சுழற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். பிடித்துக்கொள்ள அங்கே சுவரும் இல்லை, தரையும் இல்லை. தோராயமாகக் கணக்குப் போடுவோம். 400 கிலோவாட் சக்தியை நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றும் ரோட்டாருக்குக் கொடுத்தால், உடலைத் திருகும் முறுக்குவிசை சுமார் 10,900 நியூட்டன் மீட்டர் வரும். ரோட்டார் அச்சிலிருந்து ஆறரை மீட்டர் பின்னால் நின்று அதைத் தடுக்க, 170 கிலோ எடைக்குச் சமமான தள்ளு வேண்டும். இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரி. கிட்டத்தட்ட சேத்தக்கின் அளவு இது. அந்த இரண்டு ஆட்களின் வேலையை 2 மீட்டர்கூட விட்டமில்லாத ஒரு விசிறி செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஆறரை மீட்டரை. நெம்புகோல் நீளமாக இருந்தால் தள்ளு குறைவாகப் போதும். கடப்பாரையால் கல்லைப் புரட்டும் எவருக்கும் இது தெரியும். அதனால்தான் விசிறியை வாலின் கடைக்கோடியில் கொண்டுபோய் வைத்தார்கள். இகோர் சிகோர்ஸ்கி 1939இல் அமெரிக்காவில் விஎஸ்-300ஐத் தரையிலிருந்து எழுப்பிய பிறகு இந்த அமைப்பு ஊன்றிக்கொண்டது. ஒரு நீள ஷாஃப்ட், கோடியில் ஒரு சின்ன கியர் பாக்ஸ், இரண்டோ மூன்றோ பிளேடு. பெடலை மிதித்தால் பிளேடின் கோணம் மாறும், மூக்கு உடனே திரும்பும். எளிமை, விலை குறைவு, பழுது பார்க்க ஆள் கிடைக்கும். எல்லாரும் இதையே செய்வதற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது.

குறை இல்லாமலும் இல்லை. ஹெலிகாப்டர் ஓரிடத்தில் மிதந்து நிற்கும்போது, எஞ்சின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை வால் விசிறி தின்றுவிடும். வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அந்தச் சக்தி ஒரு கிலோவைக்கூடத் தூக்குவதில்லை. மே மாதம் மதுரையில் 40 டிகிரி வெயில் அடிக்கும்போது, காற்றின் அடர்த்தி 15 டிகிரிக் கடல்மட்டக் கணக்கைவிட சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். எஞ்சினும் திணறும், ரோட்டாரும் திணறும். அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒன்றிரண்டு ஆட்களை ஏற்றுவதா இறக்கிவிடுவதா என்ற விஷயம். இன்னொன்றும் உண்டு. வால் விசிறி பக்கவாட்டில் தள்ளுவதால், மொத்த ஹெலிகாப்டருமே அந்தப் பக்கம் நகரப் பார்க்கும். அதை ஈடுகட்ட விமானி ரோட்டாரை எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடிப்பார். இறங்கும்போது ஒரு பக்கச் சக்கரம் முதலில் தரையைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோளாறு ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி.

அப்புறம் அந்தப் போலீஸ்காரர் சொன்ன விஷயம். சேத்தக்கின் வால் விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டிச் சுற்றும். பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் கண்ணுக்கு விசிறி தெரியாது. பிளேடில் அடித்திருக்கும் வண்ணப் பட்டைகள் மங்கலாக ஒரு வளையம் போலத் தெரிந்தால் உண்டு, நல்ல வெயிலில் அதுவும் இல்லை. சேர்ந்த புதிதில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வால் கியர் பாக்ஸின் எண்ணெய்க் கண்ணாடியை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று நான் பின்பக்கம் நாலு அடி வைத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, என் அவசரம். பின்னாலிருந்து ஒரு மலையாளி சீனியர் காலரைப் பிடித்து இழுத்தார். திட்டவில்லை. எல்லாம் நின்று அடங்கிய பிறகு என்னை விசிறிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். அதன் நுனி வரைந்த வட்டத்துக்குள் என் நெஞ்சும் தலையும் கச்சிதமாக அடங்கின. இன்றைக்கும் பட்டறையில் ஃபேன் பெல்ட் ஓடும் பக்கம் போனால் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வாலுக்குள் ஒரு வட்ட ஓட்டை போட்டு அதற்குள் நிறைய பிளேடுகளோடு விசிறி வைத்த ஹெலிகாப்டர்களை இணையத்தில் பார்த்துவிட்டு, இதுதான் வால் விசிறி இல்லாத வகை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஃபெனஸ்ட்ரான். 1960களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் கஸல் ஹெலிகாப்டரில் கொண்டுவந்தது. அதுவும் வால் விசிறிதான், கூட்டுக்குள் வைத்த வால் விசிறி. தரையில் நிற்கும் ஆளுக்கும் புதருக்கும் அது எவ்வளவோ பாதுகாப்பானது. பிளேடுகளைச் சம இடைவெளியில் வைக்காமல் கொஞ்சம் ஏறுக்குமாறாக வைத்து, ஒரே சுருதியில் எழும் இரைச்சலையும் உடைத்துவிட்டார்கள். கூட்டின் எடையும், வேகமாகப் பறக்கும்போது அது தரும் காற்றுத் தடையும் அதற்குக் கொடுக்கும் விலை. பல நாடுகளில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டராகப் பறக்கும் ஹெச்135 இந்த வகை. ஆளை வெட்டுகிறதே என்பது மட்டும்தான் உங்கள் கவலை என்றால், அதற்கு மலிவான மருந்து இதுதான். என்னைக் கேட்டால், நம் ஊர் மாதிரிக் கூட்டம் முண்டியடிக்கும் இடத்தில் இறங்கும் எந்த ஹெலிகாப்டருக்கும் இதுதான் பொருத்தம்.

உண்மையிலேயே வாலில் விசிறி இல்லாதது நோட்டார். மகன் படித்தது அனேகமாக இதைப் பற்றித்தான் இருக்கும். வால் தண்டின் அடியில், உடலுக்குள்ளே, ஒரு விசிறி இருக்கும். அது கியர் பாக்ஸிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு, வெற்றுக் குழாயான வாலுக்குள் காற்றை நிரப்பும். அழுத்தம் அதிகமில்லை. குழாயின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் மெல்லிய பிளவுகள். அதன் வழியே வரும் காற்று குழாயின் வளைவை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டே ஓடும். மேலிருந்து ரோட்டார் கீழே தள்ளும் காற்றையும் அது தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால் குழாயின் ஒரு பக்கம் காற்று வேகமாக ஓட, அந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறது. வால் முழுவதுமே ஒரு இறக்கை மாதிரி வேலை செய்து பக்கவாட்டில் இழுபடுகிறது. மிதந்து நிற்கும்போது வேண்டிய விசையில் பாதிக்கு மேல் இப்படியே கிடைத்துவிடும். மீதியை வாலின் நுனியில் இருக்கும், திருப்பக்கூடிய ஒரு காற்று வாய் பார்த்துக்கொள்ளும்.

வளைவை ஒட்டிக் காற்று ஓடுவதை ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயரால் கோவாண்டா விளைவு என்பார்கள். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதை மறைத்தாற்போல உருண்டையான சோடா பாட்டில் ஒன்றை வையுங்கள். பாட்டிலுக்கு இந்தப் பக்கமிருந்து ஊதினால், மறைவில் இருக்கும் சுடர் அணையும். காற்று பாட்டிலின் இரண்டு பக்கமும் சுற்றி வளைந்து போய்ப் பின்னால் சேர்ந்துவிடுகிறது. பாட்டிலை எடுத்துவிட்டு அதே அகலத்தில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நிறுத்தி ஊதுங்கள். சுடர் ஆடும், லேசில் அணையாது. தட்டையான பொருளின் விளிம்பில் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். குழாயிலிருந்து விழும் தண்ணீரில் கரண்டி முதுகைக் காட்டும் சோதனையைப் பள்ளிகளில் செய்வார்கள். அதில் தண்ணீரின் ஒட்டும் குணமும் சேர்ந்துகொள்வதால், மெழுகுவர்த்திதான் சுத்தமான சோதனை.

அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் 1981 டிசம்பரில் ஒரு ஓஹெச்-6 ஹெலிகாப்டரின் வாலை மாற்றி இதைப் பறக்கவிட்டது. அந்த நிறுவனம் பிறகு மெக்டானல் டக்ளஸின் கைக்குப் போய், 1991இல் எம்டி 520என் விற்பனைக்கு வந்தது. முதலில் வாங்கியது ஃபீனிக்ஸ் நகரப் போலீஸ். ஏன் போலீஸ் என்றால், சத்தம். வால் விசிறியின் சத்தம் உயர்ந்த, காதைத் துளைக்கும் சுருதியில் இருக்கும். மேல் ரோட்டாரின் 'தப் தப்' ஓசையைவிட அதுதான் மனிதக் காதுக்கு எரிச்சல். அதை எடுத்துவிட்டால் இரவில் வீடுகளுக்கு மேல் வட்டமடிக்கும் ஹெலிகாப்டர் பாதித் தொல்லை குறைந்த மாதிரி. கிளையில் வால் இடிக்கும், கல் தெறித்துப் பிளேடில் படும் என்ற பயங்களும் குறையும்.

பிறகு ஏன் உலகம் அதன் பின்னால் ஓடவில்லை? உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஒரே அளவு தள்ளுவிசைக்கு, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம், கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவது செலவு. வெளியே இருக்கும் பெரிய விசிறி முதல் வகை. வாலின் நுனியிலிருந்து பீய்ச்சும் காற்று இரண்டாவது வகை. பிளவுகள் ரோட்டார் காற்றை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்வது கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஹெலிகாப்டர் முன்னே நகரத் தொடங்கியதும் ரோட்டார் காற்று வாலுக்குப் பின்னால் சரிந்து விழுந்துவிடும், அந்த இலவசம் தீர்ந்துவிடும். அதன்பின் செங்குத்து வால் துடுப்புகள்தான் சுமையைத் தாங்க வேண்டும். பெடலின் மறுமொழி வால் விசிறியைப் போல வெடுக்கென்று இருக்காது, கொஞ்சம் தளர்வு என்று ஓட்டியவர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். பழகினால் தெரியாது என்கிறார்கள் இன்னொரு சாரார். இது ரசனையும் கலந்த விவகாரம், நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நடந்தது என்னவென்றால், 520என், 600என், எக்ஸ்ப்ளோரர் என்று ஒரே குடும்பத்தின் மூன்று ரகங்களோடு நோட்டார் நின்றுவிட்டது.

நான் நன்றாக அறிந்தது காமோவ். அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இல்லை என்று கேட்டவர் எழுதியிருந்தது சரியில்லை. சோவியத் தயாரிப்பான காமோவ்கள் நம் கடற்படையில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன: முதலில் கா-25, பிறகு நீர்மூழ்கி வேட்டைக்குக் கா-28, வயிற்றுக்கு அடியில் பெரிய ரேடாரைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும் கா-31. எதிலும் வால் விசிறி கிடையாது. ஒரே அச்சில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள். கடிகாரத்தின் இரண்டு முள்ளும் ஒரே இடத்திலிருந்து சுற்றுவது மாதிரி, ஆனால் எதிரெதிர்த் திசையில். ஒன்றின் முறுக்கை மற்றது தின்றுவிடும். திரும்ப வேண்டுமென்றால் ஒரு ரோட்டாரின் பிளேடு கோணத்தைக் கொஞ்சம் கூட்டி, மற்றதில் அதே அளவு குறைப்பார்கள். தூக்கும் விசை மாறாது, முறுக்கில் மட்டும் மிச்சம் விழும், உடல் திரும்பும்.

கப்பலில் இதன் அருமை தெரியும். வால் விசிறி உள்ள சீ கிங் 42பி ஹெலிகாப்டர் ரோட்டாரை விரித்து நிற்கும்போது முன்நுனியிலிருந்து வால் வரை சுமார் 22 மீட்டர். அதிகபட்ச எடை பத்து டன்னுக்குக் கொஞ்சம் கீழே. கா-28 அதைவிடக் கனமானது, 12 டன் வரை போகும். உடல் நீளமோ 11 மீட்டர் சொச்சம்தான், ரோட்டார் விட்டம் சுமார் 16 மீட்டர். நாசகாரிக் கப்பலின் பின்தளம் ஒரு கல்யாண மண்டபச் சாப்பாட்டுக்கூடம் அளவுகூட இருக்காது. அது ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். அங்கே பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைப் பற்றிக் கவலையில்லாமல் இறக்குவது பெரிய ஆறுதல். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் வால் விசிறியைப் போலத் தடுமாறாது என்று விமானிகள் ஒரே குரலில் சொல்வார்கள்.

சரி, பராமரிப்பு? சேத்தக்கில் வால் விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் வாலின் முதுகிலேயே வெளியே தெரிகிற மாதிரி ஓடும். நடந்துகொண்டே பேரிங் ஒவ்வொன்றையும் பார்த்துவிடலாம். காமோவில் அந்த நீள ஷாஃப்டும் இல்லை, வால் கியர் பாக்ஸும் இல்லை. நிம்மதி என்று நினைத்தால், அங்கே மிச்சமான வேலையெல்லாம் தலைக்கு மேலே குடியேறியிருக்கும். ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு, ஒவ்வொரு ரோட்டாருக்கும் தனித் தனியாக, பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சாய்வுத் தட்டு, மேல் ரோட்டாருக்குப் போகும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் எதிர்த் திசையில் சுற்றும் கீழ் ரோட்டாரைத் தாண்டிப் போக வேண்டும். ஏணியில் நின்று அந்த மையத்தைப் பார்த்த முதல் நாள், சந்தையில் கோழிக்கூண்டுகளைக் கயிற்றால் பிணைத்து வைத்திருப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது. கடல் மேல் பறந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுக்க வேண்டும். அத்தனை இண்டு இடுக்கிலும் உப்பு உட்காரும். பிளேடுகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்ப்பது சேத்தக்கில் ஒரு வேலை, இங்கே மேலும் கீழுமாக இரண்டு வேலை.

பறப்பதிலும் அதற்கென்று பலவீனங்கள் உண்டு. எஞ்சின் நின்றுபோய், கீழிருந்து வரும் காற்றில் ரோட்டார் தானாகச் சுழன்று இறங்கும் நிலையில், ரோட்டார்களின் முறுக்கு வித்தியாசத்தை வைத்துத் திருப்பும் வித்தை மிகவும் வலுவிழந்துவிடும். அதற்காகத்தான் காமோவின் வாலில் அவ்வளவு பெரிய துடுப்புகளும் சுக்கான்களும். மூர்க்கமாகத் திருப்பினால் மேல் பிளேடும் கீழ் பிளேடும் வளைந்து மோதிக்கொள்ளும் அபாயமும் நிஜம். 1998இல் ரஷ்யாவில் ஒரு கா-50 போர் ஹெலிகாப்டர் அப்படித்தான் விழுந்தது. வால் விசிறிக்குப் போகும் சக்தி மிச்சமாவதால் காமோவ் அதிகம் தூக்கும் என்று ஆதரவாளர்கள் சொல்வது எந்த அளவுக்கு உண்மை என்பதில் பொறியாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. மிச்சமாவது உண்மை. கீழ் ரோட்டார், மேல் ரோட்டார் கலக்கிவிட்ட காற்றில் வேலை செய்வதால் கொஞ்சம் இழப்பதும் உண்மை. மிதந்து நிற்கும்போது கூட்டிக் கழித்துக் கொஞ்சம் லாபம் என்றும், வேகமாகப் போகும்போது உயரமான அந்த அச்சு தரும் காற்றுத் தடையில் அந்த லாபம் கரையும் என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய ரோட்டார் வைத்த சினூக் இந்திய விமானப்படையில் 2019 மார்ச்சில் சேர்ந்தது, மொத்தம் 15. பாரம் தூக்க அதை அடிக்க ஆளில்லை. எஞ்சின் சக்தி முழுவதும் தூக்குவதற்கே போகிறது, பாரத்தை முன்னே பின்னே நகர்த்தி வைத்தாலும் தாங்கும். ஆனால் இரண்டு ரோட்டார்களின் வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால், இரண்டையும் ஒரு ஷாஃப்ட் தாளம் தவறாமல் பிணைத்திருக்க வேண்டும். கே-மாக்ஸ் என்றொரு அமெரிக்க ஹெலிகாப்டர்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரோட்டார், முட்டை அடிக்கும் கருவியின் கம்பிகள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு சுற்றும். தன் வெற்று எடையைவிட அதிகமாக, 2,700 கிலோ வரை தொங்கவிட்டுத் தூக்கும். வேகம் மட்டும் கிடையாது. பிளேடு நுனியிலிருந்தே காற்றைப் பீய்ச்சிச் சுழற்றும் முறையும் 1950களில் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் பறந்து பார்த்தது. உடலிலிருந்து ரோட்டாரைத் திருகாததால் முறுக்கே வராது, அழகான யோசனை. எரிபொருளைக் குடித்த குடியும் போட்ட சத்தமும் அதை மூடவைத்தன.

மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் வயலில் மருந்தடிக்கும் டிரோனைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் வால் விசிறி இல்லை. நாலோ ஆறோ விசிறி, பாதி வலம், பாதி இடம். திரும்ப வேண்டுமென்றால் ஒரு பாதியை வேகமாகவும் மறுபாதியை மெதுவாகவும் சுற்றவைக்கும். இதையே பெரிதாக்கி ஆளை ஏற்றினால் என்ன என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன்: விசிறி பெரிதாகப் பெரிதாக அதன் வேகத்தைச் சட்டென்று கூட்டவும் குறைக்கவும் முடியாது, கனம் விடாது. மின்சாரம் போனால் தானாகச் சுழன்று மெதுவாக இறங்கும் வசதியும் அந்தச் சின்ன, கோணம் மாறாத பிளேடுகளுக்கு இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2018இல் இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்தில் இருந்து கிளம்பிய ஹெலிகாப்டர், வால் விசிறியின் கட்டுப்பாட்டில் ஒரு பேரிங் இறுகிப்போனதால் சுழன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். இதைப் படித்தால் வால் விசிறியே வேண்டாம் என்று தோன்றும். 1986இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து அருகே பயணிகள் ஏறிய ஒரு சினூக், கியர் உடைந்து இரண்டு ரோட்டார்களும் தாளம் தப்பி மோதிக்கொண்டதில் கடலில் விழுந்தது. 45 பேர் இறந்தார்கள். அதில் வால் விசிறி இல்லை. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே முப்படைத் தளபதி பயணித்த எம்ஐ-17 விழுந்தபோது வால் விசிறியைப் பற்றி என்னிடமே நாலைந்து பேர் கேட்டார்கள். எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையறிய முடியாமல் போனதுதான் காரணம் என்றது விசாரணை, இயந்திரக் கோளாறு அல்ல. வால் விசிறி இல்லாததால் ஒரு வகை விபத்து குறையும். அதே இடத்தில் சிக்கலான கியர் பாக்ஸ் வந்து உட்கார்ந்தால் வேறு வகை விபத்துக்குக் கதவு திறக்கும்.

மலைச்சரிவில் மட்டும் வால் விசிறி இல்லாததை நான் யோசிக்காமல் ஆதரிப்பேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரிச் சரிவில் பாறைக்கும் மரத்துக்கும் நடுவே மிதந்து நிற்கும்போது, விமானிக்குத் தன் வால் தெரியாது. கதவோரம் குனிந்து பார்க்கும் ஊழியர் 'வால் தெளிவு, இன்னும் இரண்டு மீட்டர்' என்று சொல்லச் சொல்ல அதை நம்பித்தான் நகர்த்துவார்.

ஆக, எல்லாரும் ஏன் மாறவில்லை? அந்த 170 கிலோவை எங்கோ, எப்படியோ செலுத்தித்தான் ஆக வேண்டும். வால் விசிறி அதற்குக் கேட்பது பத்து சதவீத வட்டி. காமோவ் அதை மெக்கானிக்கின் முதுகில் வசூலிக்கிறது, நோட்டார் எரிபொருளில், சினூக் விலையில். சாதாரண ஹெலிகாப்டர் வாங்குபவருக்கு முதல் வட்டிதான் கட்டுபடியாகிறது. உதிரிபாகமும் ஆளும் எந்த ஊரிலும் கிடைக்கும். கப்பல், பெரிய பாரம், இரவுநேர நகரம் என்று தனித் தேவை இருப்பவர்கள் மற்றதைத் தேடிப் போகிறார்கள். நம் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் செய்யும் துருவ், பிரசண்ட் ஹெலிகாப்டர்கள் இரண்டுமே வால் விசிறிக்காரர்கள்தான். காமோவின் சின்ன ரகமான கா-226டி 200 எண்ணிக்கையில் நம் நாட்டுக்கு வருவதாக 2015இல் இரு அரசுகளுக்கிடையே உடன்பாடு ஆனது, கொள்முதல் நடக்கவில்லை.

கூட்டத்தில் நிற்பவர்களுக்கு அந்தப் போலீஸ்காரர் சொன்னது சரியான புத்தி. வால் விசிறி உள்ள ஹெலிகாப்டரை நெருங்குவதானால், விமானியின் கண்ணில் படும்படி, அவர் சைகை காட்டிய பிறகு, முன்பக்கவாட்டிலிருந்துதான் போக வேண்டும். ஆனால் அதே பாடத்தைச் சினூக்கிடம் கொண்டுபோகாதீர்கள். அதன் முன் ரோட்டார் முன்பக்கம் தாழ்ந்து சுற்றும்; அதில் பின்பக்கச் சரிவுக் கதவு வழியாகத்தான் ஏறுவார்கள்.

மகனுக்கு ஒன்று. சித்திரைப் பொருட்காட்சியில் ரிமோட்டோடு விற்கிறார்களே, இரண்டு அடுக்கு விசிறி வைத்த பொம்மை ஹெலிகாப்டர், அதில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அது ஒரு குட்டிக் காமோவ். வாலில் ஒரு சின்ன விசிறி இருக்கும். உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: அது நிமிர்ந்து பக்கவாட்டைப் பார்க்காது, படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும். அதைக் கழற்றிவிட்டுப் பறக்கவிட்டால், பொம்மை ஏறும், இறங்கும், இடம் வலம் திரும்பும். முன்னே மட்டும் போகாது. ஏன் என்று அவனே கண்டுபிடித்து எழுதட்டும்.